நெஞ்சுவலி வந்த பிறகுதான் தெரிகிறதா சர்க்கரை?

'சுகர் இருக்கா?' என்று டாக்டர் கேட்டால், மாரடைப்பு வந்து படுத்திருக்கும் பலரும் 'அதெல்லாம் இல்லீங்க' என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இருப்பது அவர்களுக்கே தெரியாது.

ஸ்வீடனில் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற, சர்க்கரைநோய் இல்லை என்று நம்பப்பட்ட 181 பேரிடம் நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. வீடு திரும்பும் நேரத்தில் அவர்களுக்கு குளூக்கோஸ் கொடுத்துப் பரிசோதித்ததில் 31 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரைநோய் இருந்தது. 35 சதவிகிதம் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருந்தார்கள். 3 மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும், மூன்றில் இரண்டு பேருக்கு ஏதோ ஒரு சர்க்கரைக் கோளாறு இருந்தது.

ஏன் தெரிவதில்லை?

டைப் 2 சர்க்கரைநோய் ஆரம்பத்தில் பெரிதாக எந்தத் தொந்தரவும் தராது. சிலருக்கு வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனை நார்மலாக இருக்கும். சாப்பிட்ட பிறகுதான் அளவு எகிறும். மாரடைப்பின்போது சுரக்கும் ஹார்மோன்களும் சர்க்கரையை ஏற்றும் என்பதால், 'டென்ஷனில் ஏறியது, தானாக இறங்கிவிடும்' என்று விட்டுவிடுவதும் உண்டு.

தெரிந்துகொண்டால் என்ன லாபம்?

சிகிச்சையே மாறலாம். பல ரத்தக்குழாய்களில் அடைப்பு உள்ள சர்க்கரைநோயாளிகளுக்கு, ஸ்டென்ட்டைவிட பைபாஸ் நல்ல பலன் தருவதாக 2012-ல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வு காட்டியது. சர்க்கரையைக் குறைப்பதோடு இதயத்தையும் காக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. தவிர, நீண்டநாள் சர்க்கரை நரம்புகளைப் பாதித்தால், அடுத்த மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம்.

என்ன டெஸ்ட்?

* மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி: 6.5 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரைநோய். 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை நிலை. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது தவறாகக் காட்டலாம்.

* வெறும் வயிற்றில்: 126-ம் அதற்கு மேலும் சர்க்கரைநோய்.

* 75 கிராம் குளூக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து: 200-ம் அதற்கு மேலும் சர்க்கரைநோய். மற்ற பரிசோதனைகளில் தப்புவது பலருக்கும் இதில் சிக்கும்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு, ஒரு ரிசல்ட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வார்கள்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரைநோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர். அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி பேர். வீட்டில் யாராவது இதயநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? ஃபைலை எடுத்து, கடைசியாக ஹெச்பிஏ1சி எப்போது பார்த்தார்கள் என்று தேடுங்கள். ரிப்போர்ட் இல்லையென்றால், அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.