இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் சைக்கிளுக்கு நல்ல வெளிச்சம்

மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் நாட்களில், வீட்டில் நிம்மதியாகப் படுக்க முடியாது. மோட்டார் போட ஒரு முறை, மடை மாற்ற ஒரு முறை, நிறுத்த ஒரு முறை என்று வயலுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர்களுக்கும், சொசைட்டிக்குப் பால் கொண்டு போகிறவர்களுக்கும் இதே நிலைதான். பலருக்கு இன்றும் சைக்கிள்தான் துணை. ஆனால் அதன் முன்விளக்கு மினுக்கென்று எரிந்தால், பாதையில் கிடப்பது கயிறா பாம்பா என்று தெரிவதற்குள் சக்கரம் ஏறிவிடும்.

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு நொடியில் 4 மீட்டருக்கு மேல் கடக்கிறது. 10 மீட்டர் தூரம் தெரிந்தால் பிரேக் பிடிக்க இரண்டு நொடிக்கு மேல் கிடைக்கும். 3 மீட்டர்தான் தெரிகிறது என்றால் ஒரு நொடிகூடக் கிடைக்காது.

பெரிய பல்பு போட்டால் வெளிச்சம் கூடுமா?

கூடாது. பலரும் செய்யும் தவறு இதுதான். வழக்கமான டைனமோவில் 6 வோல்ட், 3 வாட் என்று எழுதியிருக்கும். அதாவது அது தருவது அரை ஆம்பியர் மின்சாரம். எவ்வளவு வேகமாக மிதித்தாலும் வோல்ட் ஏறுமே தவிர, மின்னோட்டம் அரை ஆம்பியரைத் தாண்டி அதிகம் ஏறாது. டைனமோவின் சுருளே அதைக் கட்டுப்படுத்திவிடும்.

6 வாட் பல்பு முழுதாக எரிய 1 ஆம்பியர் வேண்டும். அதற்குப் பாதிதான் கிடைப்பதால் அதன் இழை சிவந்து நிற்குமே தவிர வெள்ளையாக எரியாது. பழைய பல்பைவிட வெளிச்சம் குறைந்துபோகும். மாறாக 1 வாட் அளவுள்ள சிறு பல்பைப் போட்டால், தேவைக்கு மேல் மின்சாரம் பாய்ந்து சீக்கிரம் ஃபியூஸ் ஆகிவிடும். முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட் என்று பிரித்திருப்பது இந்தக் கணக்கினால்தான். முன்பல்பு போனதும் பின்பல்பும் போவதற்குக் காரணம், மொத்த மின்சாரமும் அந்தச் சிறு பல்பின் மேல் பாய்வதுதான்.

முதலில் இருப்பதைச் சரி செய்யுங்கள்

புதிதாக எதையும் வாங்குமுன் இந்த நான்கையும் பாருங்கள்.

1. டைனமோவின் உருளை டயரின் பக்கவாட்டில் அழுந்திப் பட வேண்டும். டைனமோவின் நடுக்கோடு சக்கரத்தின் அச்சை நோக்கி நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் உருளை வழுக்கும், டயரும் தேயும்.

2. டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒயர்தான் வரும். திரும்பும் வழி சைக்கிளின் இரும்பு உடல். டைனமோ மாட்டிய இடத்திலும் விளக்கு மாட்டிய இடத்திலும் துருவோ பெயின்டோ இருந்தால் மின்சாரம் தடைப்படும். சந்தேகம் இருந்தால் டைனமோவின் உடலிலிருந்து விளக்கின் உடலுக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்துப் பாருங்கள். வெளிச்சம் கூடினால் குறை அங்கேதான்.

3. பல்பு மாட்டும் ஹோல்டரின் அடியில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள்.

4. கண்ணாடியையும், உள்ளே பளபளக்கும் கிண்ணத்தையும் மெல்லிய துணியால் துடையுங்கள். கிண்ணம் கறுத்துப்போயிருந்தால் எந்தப் பல்பு போட்டாலும் பயனில்லை. கிண்ணத்தையே மாற்ற வேண்டும்.

எல்.இ.டி.க்கு மாறுவது எப்படி?

இழை பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 10 லூமன் வெளிச்சம் தருகிறது. நல்ல எல்.இ.டி. 80 முதல் 100 லூமன் தரும். அதே டைனமோவில் பல மடங்கு வெளிச்சம் பெற இதுதான் வழி.

ஆனால் டைனமோவிலிருந்து வருவது ஏ.சி. மின்சாரம். எல்.இ.டி.க்கு வேண்டியது டி.சி. கடையில் மரை வைத்த எல்.இ.டி. பல்பு வாங்கினால், ‘சைக்கிள் டைனமோவுக்கு உரியதா, ஏ.சி.யில் எரியுமா’ என்று கேட்டு வாங்குங்கள். டார்ச் லைட்டுக்கு உரிய எல்.இ.டி. பல்பை அப்படியே மாட்டினால், இறக்கத்தில் வேகமாகப் போகும்போது வோல்ட் ஏறிக் கெட்டுவிடும்.

சாலிடரிங் தெரிந்த ரேடியோ மெக்கானிக் அருகில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. 3 வாட் எல்.இ.டி. ஒன்று, 1 ஆம்பியர் ஷாட்கி டையோடு நான்கு, தீப்பெட்டி அளவு அலுமினியத் தகடு ஒன்று ஆகியவை போதும். நான்கு டையோடையும் பாலம்போல இணைத்தால் ஏ.சி. மின்சாரம் டி.சி.யாகும். 3 வாட் எல்.இ.டி. 700 மில்லி ஆம்பியர் வரை தாங்குவதால் டைனமோவின் அரை ஆம்பியரை அப்படியே வாங்கிக்கொள்ளும். 1 வாட் எல்.இ.டி. 350 மில்லி ஆம்பியர்தான் தாங்கும் என்பதால் அது வேண்டாம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். எல்.இ.டி.யை அலுமினியத் தகட்டில் நன்றாகப் பதிய வைக்காவிட்டால் சூடேறிக் கெடும். எல்.இ.டி.யின் இரண்டு முனைகளில் எதுவும் சைக்கிளின் இரும்பில் படக்கூடாது. பட்டால் டைனமோவின் திரும்பும் வழியோடு சேர்ந்து பாலம் குறுக்கிணைப்பாகிவிடும். விளக்கின் உடல் வழியாக இல்லாமல், இரண்டு ஒயர் போட்டே இணைக்க வேண்டும். பழைய பின்பல்பையும் இதனுடன் இணைக்காதீர்கள். பின்னால் செல்லில் எரியும் சிவப்பு விளக்கும், சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்கட்டும்.

விளக்கை எங்கே திருப்புவது?

வெளிச்சம் கூடியபின் விளக்கை நேராக வைத்தால் எதிரில் வருபவரின் கண் கூசும், நமக்கும் பாதை தெரியாது. சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்தி, ஒருவர் பின்சக்கரத்தையோ முன்சக்கரத்தையோ, டைனமோ எதில் படுகிறதோ அதைத் தூக்கிச் சுற்றட்டும். விளக்கின் உயரத்தைவிட ஒரு சாண் கீழே சுவரில் ஒளியின் மையம் விழுந்தால், தரையில் சுமார் 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் படும். தார்ச்சாலைக்கு இது போதும். மேடு பள்ளமான வாய்க்கால் கரைக்கு இரண்டு சாண் இறக்கினால் 5 மீட்டரில் படும். அங்கே வேகத்தையும் குறைக்க வேண்டும்.

இறங்கினால் விளக்கு அணையும்

எவ்வளவு நல்ல எல்.இ.டி. போட்டாலும் சக்கரம் நின்றால் டைனமோ விளக்கு அணைந்துவிடும். சைக்கிளை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து மோட்டார் கொட்டகைக்குப் போகும் அந்தக் கடைசித் தூரம் முழு இருட்டு. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தவளையும் எலியும் இருக்கும் ஈரமான இடத்துக்குப் பாம்பும் வரும். எனவே சைக்கிள் விளக்கு எப்படி இருந்தாலும், தனியே ஒரு டார்ச் லைட் கையில் இருக்க வேண்டும். இறங்குமுன்பே அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கொட்டகையின் ஸ்டார்டர் பெட்டியில் கைவைக்குமுன் அதன் மேலும் கீழும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். செருப்புக்குப் பதில் மூடிய காலணி அணிவது நல்லது.

பாம்பு கடித்தால் கீறுவதோ, இறுக்கிக் கட்டுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், 108 ஆம்புலன்சை அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் இல்லாமலேயே இருக்கலாம் என்பதால், ‘ஒன்றுமில்லை’ என்று படுத்துவிடக் கூடாது.

அடுத்த இரவு முறை வருமுன் பகலில் அரை மணி நேரம் ஒதுக்கி, டைனமோவையும் ஒயரையும் பாருங்கள். பல்பு வாங்குவது அதற்குப் பிறகு.