ஊர் மாறும் குடும்பங்களும் பிள்ளைகளின் கட்டிலும்

மளிகைக் கடைக்கும் கட்டில், பீரோவுக்கும் என்ன சம்பந்தம் என்று நமது உறுப்பினர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. புதிதாக ஊருக்கு வரும் குடும்பம் லாரியிலிருந்து சாமான் இறக்கிய மறுநாள் வந்து நிற்கும் முதல் இடம் தெருமுனை மளிகைக் கடைதான். பால் எங்கே, கேஸ் யாரிடம் சொல்வது என்று தொடங்கி, "அண்ணாச்சி, பிள்ளைங்களுக்கு நல்ல கட்டில் எங்கே கிடைக்கும்?" என்பது வரை அங்கேதான் கேட்பார்கள். அது போக, நம்மிலேயே பலர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து சென்னைக்கு வந்து வாடகை வீட்டில் இருந்து வியாபாரம் செய்பவர்கள். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் நமக்கும் வீடு மாற்றம்தான். கட்டில், பீரோ மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாம், இதில் பார்த்ததையும் அறிந்ததையும் சொல்கிறோம்.

வங்கி அதிகாரிகள், ரயில்வே ஊழியர்கள், காவல்துறையினர், மத்திய அரசுப் பணியாளர்கள் ஆகியோருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றல் வந்துவிடுகிறது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் குடியேற வேண்டும் என்று மே மாதத்தில் அலைகிறார்கள். கடைக்கு வந்தால் இன்றைய வீட்டின் சுவரை மனதில் வைத்து, "ஏழடி இடம் இருக்கிறது, அதற்குச் சரியாக வேண்டும்" என்கிறார்கள். அந்தச் சுவர் இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் அவர்களுடையது இல்லை. அடுத்த வீட்டின் வாசலையும் மாடிப்படியையும் நினைத்துத்தான் வாங்க வேண்டும். படுக்கையறை வாசல் நிலையோடு சேர்த்து மூன்றடி என்றால், கதவு திறந்து நிற்கும்போது உள்ளே நுழையக் கிடைப்பது இரண்டரை அடிக்குச் சற்று மேல். கழற்ற முடியாத சாமான் அங்கேயே நின்றுவிடும்.

நம் பாட்டனார் காலத்துத் தேக்குக் கட்டிலைப் பாருங்கள். தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, இரண்டு பக்கச் சட்டம், குறுக்கே பலகைகள், அவ்வளவுதான். இரும்புக் கொக்கியைத் தட்டினால் பிரிந்துவிடும். பத்து வீடு மாறினாலும் ஆடாது. இன்றும் அந்த முறைதான் நல்லது. வாங்குபவர் பார்க்க வேண்டியது பாலிஷை அல்ல, இணைப்பை. இரும்பு போல்ட், நட்டு போட்டு இறுக்கிய கட்டிலை எத்தனை முறை கழற்றினாலும் பிடிமானம் போகாது. மரத்தூள் பலகையில் நேரே ஏற்றிய ஸ்குரூ அப்படியல்ல. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் துளை பெரிதாகிறது. இரண்டாவது வீட்டில் ஆடும், மூன்றாவது வீட்டில் பிடிக்காது. தண்ணீர் பட்டால் விளிம்பு உப்பிவிடும். மே மாதத்துக் கோடை மழையில் திறந்த லாரியில் போனால் கேட்கவே வேண்டாம். கனமும் அதிகம். எட்டுக்கு நான்கு அடி, 18 மில்லிமீட்டர் பலகை ஒன்றே ஏறத்தாழ 35 கிலோ இருக்கும். மூன்று பலகையில் செய்த அலமாரியை மூன்றாவது மாடிக்கு ஏற்றும் ஆட்களின் கூலியைக் கணக்குப் பார்த்தால், மலிவு மலிவாக இராது.

நமக்குத் தெரிந்த ஒரு வங்கி அதிகாரி, இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அறை முழுக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டில், அலமாரி, மேஜை எல்லாம் தச்சரை வைத்து அடித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் ஆண்டு மாற்றல் வந்தது. பிரித்தபோது பாதி உடைந்தது, மீதியை வீட்டுக்காரர் பழைய விலைக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சுவரில் ஓட்டை போட்டதற்கு அட்வான்ஸில் பிடித்தம் வேறு.

பணம் போனால் சம்பாதிக்கலாம். இனிச் சொல்வது பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது. இடம் மிச்சம் என்று அடுக்குக் கட்டில் கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். மேல் தட்டு தரையிலிருந்து ஐந்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பிள்ளை நான்கடிக்கு மேல் இருக்கும். எழுந்து நின்றால் தலை ஒன்பதடியில். பத்தடி உயர அறையில் மின்விசிறியின் இறக்கையும் ஏறக்குறைய அங்கேதான் சுற்றுகிறது. இந்த வீட்டில் கட்டிலுக்குத் தள்ளி இருக்கும் விசிறி, அடுத்த வீட்டில் நேர் மேலே இருக்கும். கொக்கியை இடம் மாற்ற வாடகைக்காரருக்கு உரிமை கிடையாது. ஆகவே அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு அடுக்குக் கட்டில் வேண்டாம் என்பதே நமது கருத்து. சரக்கு விற்காவிட்டாலும் பரவாயில்லை. வாங்கியே தீருவேன் என்பவரிடம் சிலவற்றைச் சொல்லுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை மேலே படுக்க வைக்கக் கூடாது. மெத்தை போட்ட பிறகும் தடுப்புச் சட்டம் ஐந்து அங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டும். தடித்த மெத்தை போட்டால் தடுப்பு இருந்தும் பயனில்லை. சட்டங்களின் இடைவெளி மூன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இவை அமெரிக்காவில் உள்ள விதிகள். நம் நாட்டிலும் இந்திய தர நிர்ணய அமைவனம் அடுக்குக் கட்டிலுக்கென்றே ஐ.எஸ். 17636 என்ற தரத்தை 2022-ல் வெளியிட்டிருக்கிறது. கொள்முதல் செய்யும்போது அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

உயரமான டிராயர் அலமாரியும் அப்படித்தான். கீழ் டிராயர்களை இழுத்துப் படிபோல் ஏறும் பிள்ளையின் மேல் அலமாரி கவிழ்ந்து விழுந்து மரணங்கள் நேர்ந்ததால், 2016-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறும்படி ஆயிற்று. சுவரோடு பிணைத்தால் ஆபத்து குறையும். ஆனால் ஆணி அடிக்க விடாத வீட்டுக்காரரிடம் என்ன செய்வது? பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு மேற்படாத, அகலமான அலமாரியாகக் கொடுங்கள். கனமான சாமான் கீழ்த்தட்டில் இருக்கட்டும். தலைக்கு மேல் டி.வி.யை ஏற்றி வைக்க வேண்டாம்.

மெத்தையில் ஒரே விஷயம்: ஆறடிக்கு மூன்றடி என்ற பொது அளவை விட்டு விலகாதீர்கள். பிள்ளைக்கென்று நான்கரை அடியில் கட்டில் செய்தால் நான்கு வருடத்தில் கால் வெளியே நீளும், புது ஊரில் அந்த அளவுக்கு விரிப்பும் கிடைக்காது. இலவம் பஞ்சு மெத்தை என்றால் எந்த ஊரிலும் பஞ்சைப் பிரித்து அடித்து மீண்டும் திணித்துக்கொள்ளலாம்.

படிக்கும் மேஜைக்கு மடக்கும் இரும்புக் கால் போதும். புத்தக அடுக்குக்குப் பிரம்பு, மூங்கில் நன்றாக இருக்கும்; எடை குறைவு, பிள்ளை மேல் விழுந்தாலும் பெரிய அடி படாது. முழுவதும் மூங்கில் அல்லது பிரம்பினால் ஆனவற்றுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதையும், மரத்தால் ஆனவற்றுக்கு 18 சதவீதமே நீடித்ததையும் பில் போடுபவர்கள் கவனிக்கவும்.

கட்டில் விற்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டிலோடு நான்கு போல்ட், நட்டு உபரியாக ஒரு துணிப்பையில் போட்டு, அதை இறுக்கும் சாவியையும் சேர்த்துத் தலைமாட்டுப் பலகையின் பின்புறம் கட்டிக் கொடுங்கள். சில ரூபாய்ச் செலவுதான். அவர்கள் போய் இறங்கும் ஊரில் இரவு ஒன்பது மணிக்கு ஹார்டுவேர் கடை திறந்திருக்காது, பிள்ளைகளோ தூங்கக் காத்திருப்பார்கள்.