பதில் சொல்லத் தேவையில்லாத காதுச் சோதனை

சளி பிடித்து விடுப்பில் இருந்த குழந்தை பள்ளிக்குத் திரும்புகிறது. காய்ச்சலோ காதுவலியோ இல்லை. ஆனால், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. சொல்வதெழுதுதலில் புதிய பிழைகள் வருகின்றன. சில நாள் நன்றாகக் கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை. இதைக் கவனக்குறைவு என்று முடிவுகட்டும் முன் நடுச்செவியை நினைத்துப் பார்ப்போம்.

செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவி, காற்று நிரம்பிய சிறு அறை. அதை மூக்கின் பின்புறத்தோடு இணைப்பது யூஸ்டேஷியன் குழல். மூடியே இருக்கும் இக்குழல், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து காற்றை உள்ளே விடுகிறது. மலைப்பாதையில் அடைத்த காது, எச்சில் விழுங்கியதும் திறப்பது இதனால்தான். சிறு குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் சளியில் எளிதில் அடைபடும். அப்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து, செவிப்பறை உள்நோக்கி இழுபடும். அடைப்பு நீடித்தால் நீர் கோத்துக்கொள்ளும்.

இதைக் காட்டும் சோதனை டிம்பனோமெட்ரி. எங்கள் பள்ளி மாணவி ஒருத்திக்கு இது செய்யப்பட்டபோது உடனிருந்து பார்த்தேன். காதில் மென்மையான ரப்பர் முனையைப் பொருத்துகிறார்கள். அதன் வழியே 226 ஹெர்ட்ஸ் ஒலி செல்கிறது. கூடவே காதுக்குழாயின் காற்றழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்றுகிறார்கள். எளிதில் அசையும் செவிப்பறை ஒலியை உள்வாங்கும். விறைத்தது திருப்பி அனுப்பும். திரும்பும் ஒலியை நுண் ஒலிவாங்கி அளக்க, திரையில் ஒரு வரைகோடு தோன்றுகிறது. குழந்தை பேசாமல், அசையாமல் இருந்தால் போதும். சில நொடிகளில் முடிந்துவிடும்.

கோட்டின் உச்சி நடுவில், அதாவது வெளியழுத்தத்துக்கு அருகில் இருந்தால் ஏ வகை, இயல்பானது. உச்சி எதிர்மறை அழுத்தப் பக்கம் நகர்ந்திருந்தால் சி வகை. குழல் சரியாகத் திறப்பதில்லை. உச்சியே இல்லாத தட்டைக்கோடு பி வகை. பெரும்பாலும் நீர் கோத்திருப்பதன் அடையாளம். செவிப்பறையில் துளை இருந்தாலும், குறும்பி அடைத்தாலும் கோடு தட்டையாகும் என்பதால் மருத்துவர் காதையும் பார்த்தே முடிவு செய்வார். எவ்வளவு கேட்கிறது என்பதை இச்சோதனை சொல்லாது. அதற்குக் கேட்டல் சோதனை தனியாகத் தேவை.

குழல் திறப்பதை ஒலியாலேயே அறியும் முறையும் உண்டு. மூக்குத்துளையில் ஒலியைச் செலுத்தி, காதில் ஒலிவாங்கியை வைத்து, விழுங்கச் சொல்வார்கள். குழல் திறந்தால் ஒலி உயரும்.

கோத்த நீர் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானே வற்றிவிடும். ஆனால், அந்த மூன்று மாதங்களில்தான் ஒரு குழந்தை எழுத்துகளின் ஒலிவேறுபாட்டைக் கற்றுக்கொண்டிருக்கலாம். ஆகவே, அக்குழந்தையை முன்வரிசையில் அமர்த்துவோம். முகம் பார்த்துப் பேசுவோம். காதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம் எனப் பெற்றோரிடம் சொல்வோம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம், "சளிக்குப் பிறகு கேட்பது குறைந்திருக்கிறது" என்று தேதியோடு எழுதிக் கொடுப்போம். வகுப்பறையில் நாள்தோறும் பார்க்கும் நமக்குத்தான் அந்த மாற்றம் முதலில் தெரியும்.