டெலிமாவில் முதல் அடி

"டீச்சர், நான் அனுப்பிட்டேனே!"

கெப்பாலா பத்தாஸில் என் படிவம் இரண்டு மாணவன் ஒருவன் அடித்துச் சொன்னான். திறந்து பார்த்தால், கோப்பை இணைத்திருந்தான். ஒப்படைக்கும் பொத்தானைத்தான் அழுத்தவில்லை. உடனே அழுத்தினான். ஆனால், தவணை முடிந்திருந்ததால் 'தாமதம்' என்று பதிவாகிவிட்டது.

மாணவர்களே, கல்வி அமைச்சு 2020 ஜூன் மாதம் தொடங்கிய 'டெலிமா' தளத்தில் நுழைய, பள்ளி தந்த மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் போதும். உள்ளே கூகுள் கிளாஸ்ரூமைத் திறந்து, ஆசிரியர் தரும் குறியீட்டைத் தட்டச்சு செய்தால் வகுப்பில் சேர்ந்துவிடலாம். கடவுச்சொல் மறந்துவிட்டதா? வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்; பள்ளியிலேயே மாற்றித் தருவார்கள். பயிற்சியை முடித்ததும், அதை ஒப்படைத்ததாகத் திரை காட்டுகிறதா என்று பாருங்கள்.

கோப்பை இணைப்பது ஒப்படைப்பது ஆகாததுபோல, குறிப்பைப் பதிவிறக்குவதும் படிப்பது ஆகாது. 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், 5 நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினர். நினைவிலிருந்து எடுக்க எடுக்கத்தான் பாடம் மனத்தில் நிலைக்கிறது.

ஆகவே, ஆசிரியர் தளத்தில் புதிர் தந்திருந்தால், குறிப்பை மூடிவிட்டுப் பதில் எழுதுங்கள். தவறிய கேள்விகளுக்கு மட்டும் குறிப்பைத் திறங்கள். இன்று மாலையே ஒரு பாடத்தில் தொடங்கலாமே!