மண்ணும் மக்களும் – 17: தென்னமரத்தில் செம்பனை

லாத்தார் நெடுஞ்சாலையில் வந்து இஜோக் பக்கம் இறங்கி, பெஸ்தாரி ஜெயா சாலையைப் பிடித்தால் இருபுறமும் செம்பனைதான். 2007இல் ஊருக்குப் பெயர் மாற்றினார்கள். ஆனாலும் நம் பெரியவர்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். அங்கே இருக்கும் ஒரு தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கிலத்தில் எழுதி எழுதி ‘டென்னமாரம்’ என்று ஆகிவிட்டது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம் சொல் தானாக வெளியே வரும். தென்னை மரத்தின் பெயரைத் தாங்கிய அந்த மண்ணில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நடப்பட்டது.

நட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு 1930இல் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, தம் நாட்டின் கொன்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே. சுமத்ராவில் செம்பனை வளர்த்துவந்த பெல்ஜிய நண்பர் அட்ரியன் ஆலேயிடமிருந்து விதை வாங்கிவந்து, முதலில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் அழகுக்காக நட்டார். பிறகு, காப்பி தேறாமல் போன தென்னமரத்து நிலத்தில் பயிராகவே வைத்தார். அப்போது ரப்பருக்கு நல்ல காலம். அதனால் அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் பல ஆண்டுகள் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “ஒரு சின்ன நாடு எப்படித்தான் முன்னுக்கு வருகிறது? அதை எளிமையாகச் சொல்லுங்கள்.” பொருளாதாரப் புத்தகங்களைப் புரட்டுவதைவிட இந்தச் சாலையில் நின்று பதில் தேடுவதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

1957இல் சுதந்திரம் வாங்கியபோது மலாயாவின் மக்கள்தொகை 63 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த நாடு பிழைத்தது ரப்பரையும் ஈயத்தையும் நம்பி. இரண்டுக்கும் விலை வைத்தவர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தார்கள். விலை சரிந்தால் என்ன ஆகும் என்று நம் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். 1930களின் தொடக்கத்தில் உலகமே மந்தத்தில் விழுந்தபோது, பால் மரம் வெட்டிய தமிழர்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். போருக்குப் பின் செயற்கை ரப்பரும் வந்து நின்றது. ஒரே பயிரை நம்பும் நாட்டுக்கு அடுத்த ஆண்டு என்பதே ஒரு சூதாட்டம். புதிய அரசாங்கத்துக்கு அது புரிந்திருந்தது. 1956இல் தொடங்கிய அரசாங்க நிலக் குடியேற்ற அமைப்பான பெல்டா, 1961இல் தன் குடியேற்றத் திட்டங்களில் செம்பனையைக் கொண்டுவந்தது. பெரிய தோட்டங்களும் கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டன. ஃபோக்கோனியே நட்டு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் நாடு அந்தப் பக்கம் திரும்பியது.

பயிரை மாற்றினால் மட்டும் போதுமா? இந்த இடத்தில் என் பெரியம்மாவைக் கூப்பிடுகிறேன்.

1970களில் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவருக்குக் கிடைத்த வேலையை வீட்டில் எல்லாரும் ‘பவுடர் அடிக்கிற வேலை’ என்பார்கள். செம்பனையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒரே மரத்தில் இரண்டும் வேறு வேறு சமயத்தில் மலரும். ஆப்பிரிக்காவில் ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொரு மரத்துக்குப் பூச்சி சுமந்து போகும். அந்தப் பூச்சி இங்கே இல்லை. அதனால் குலை சரியாகக் கட்டாமல் பாதிக்காய் வெறுமையாக நிற்கும். பூச்சியின் வேலையைப் பெண்கள் செய்தார்கள். ஆண் பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்துக் காயவைத்து, முகப் பவுடர் போன்ற மாவோடு கலந்து, ரப்பர்க் குமிழ் வைத்த குழாயில் அடைத்துக்கொள்வார்கள். மரம் மரமாகப் போய், முள் அடர்ந்த மட்டைகளை விலக்கிப் பார்த்து, எந்தப் பெண் பூ இன்று விரிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதன்மேல் ‘புஸ்’ என்று அடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் அந்தப் பூவின் பருவம் போய்விடும். அதனால் ஒரே வரிசைக்கு வாரத்தில் பலமுறை வந்தாக வேண்டும். பெரியம்மாவின் முழங்கைக்குக் கீழே இன்றும் முள் கீறிய வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன.

லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட நிர்வாகி முன்பு கேமரூனில் வேலை பார்த்தவர். அங்கே யாரும் பவுடர் அடிக்காமலே குலைகள் நிறைந்து காய்ப்பதைக் கண்ணால் கண்டவர். காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அவர் அதை நம்பவில்லை. ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளரைக் கேமரூனுக்கு அனுப்பி ஆராய வைத்தார். வேலையைச் செய்வது அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு கூன்வண்டு என்று சையத் நிறுவினார். செம்பனையின் ஆண் பூ மலரும்போது சோம்பு மணம் வீசும். வண்டு அந்த மணத்துக்கு மயங்கிப் பூவில் மொய்த்து, அங்கேயே தின்று முட்டையிடும். பெண் பூவும் விட்டுவிட்டு அதே மணத்தை வீசும். ஏமாந்து அங்கே போகும் வண்டு, உடம்பில் ஒட்டிய தூளை உதிர்த்துவிட்டு வந்துவிடும். வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981இல் ஜொகூர் குளுவாங்கில் உள்ள ஒரு தோட்டத்தில் வண்டுகளை விட்டார்கள். சீக்கிரமே அவை தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டன. எங்கும் குலை நிறைந்தது, கொட்டை கூடியது, பவுடர் குழாய்கள் பரணில் ஏறின.

நாட்டின் வளர்ச்சி என்ற பேச்சு வந்தால் என் மனசில் முதலில் வருவது இந்த வண்டுதான். நிலம் அதேதான், மரமும் அதேதான். கூடுதலாக வந்தது அறிவு. கேள்வி கேட்கத் துணிந்த ஒருவர், அவரை நம்பிப் பணம் கொடுத்த ஒரு நிர்வாகம், பொறுமையாகச் சோதித்த ஓர் ஆய்வாளர். தடித்த ஓட்டு ரகத்தையும் ஓடே இல்லாத ரகத்தையும் கலந்து பெற்ற ‘தெனெரா’ ரகம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் கொடுத்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு நல்ல வேலை செய்தது. 1970களில் சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய் ஏற்றுமதிக்கு வரி போட்டு, இங்கேயே சுத்திகரித்து அனுப்புகிறவர்களுக்குச் சலுகை கொடுத்தது. ஆலைகள் இங்கே எழுந்தன, வேலைகள் இங்கே தங்கின. 1979இல் செம்பனை எண்ணெய்க்கென்றே தனி ஆய்வு நிலையமும் வந்தது. 1970இல் தீபகற்பத்தில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன. 1990இல் அது ஏறத்தாழ 15 ஆனது. சாதாரணச் சாதனை இல்லை இது.

ஆனால் பவுடர் வேலை போன பிறகு பெரியம்மா என்ன செய்தார்? உதிரிப் பழம் பொறுக்கப் போனார். புல்லுக்கு மருந்து அடிக்கப் போனார். மரத்துக்கு நாடு செலவழித்த ஆராய்ச்சிப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை அந்தப் பெண்களுக்கு இன்னொரு தொழில் கற்றுக்கொடுக்கச் செலவழித்திருக்கலாம். வளர்ச்சிக் கணக்கில் தோட்டப்புற மக்கள் எப்போதும் செலவுப் பக்கத்தில்தான் எழுதப்பட்டார்கள்.

இந்த இடத்தில் மொரிஷியஸை நினைத்துக்கொள்கிறேன். அதுவும் கரும்பு ஒன்றையே நம்பியிருந்த, தமிழர்களும் கூலிகளாகப் போன தீவு. 1961இல் அந்தத் தீவை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட், அதன் எதிர்காலம் இருண்டது என்றே எழுதினார். பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியவரின் கணிப்பையே அந்தத் தீவு பொய்யாக்கியது. 1970இல் ஏற்றுமதி ஆலைகளுக்குச் சட்டம் கொண்டுவந்து, கரும்பில் வந்த பணத்தைத் துணி ஆலைகளில் போட்டது. அதற்கெல்லாம் முன்பே அங்கே ஒன்று நடந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நொடித்துப்போன சர்க்கரை முதலாளிகள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள் பணம் சேர்த்து அதை வாங்கினார்கள். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர்தான். ஆனால் அது சொந்தம். அந்த நிலத்தின் வருமானத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

மலாயாவிலும் தோட்டங்கள் துண்டு போடப்பட்டன. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுக் கிளம்ப, தரகர்கள் வாங்கிப் பிரித்து விற்றார்கள். இங்கே வாங்கியவர்கள் வேறு யாரோ. தொழிலாளியின் கைக்கு வந்தது லயத்தைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசு. அந்த நேரத்தில்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், உங்கள் தோட்டத்தை நீங்களே வாங்கலாம் என்று மன்றாடினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால் வெட்டியவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். என் கணிப்பில், இந்த நாட்டுத் தமிழர்களிடமிருந்து வந்த ஆகப் பெரிய பொருளாதாரச் சிந்தனை அதுதான். அரசாங்கம் பெல்டா குடியேற்றக்காரர்களுக்குக் கொடுத்ததுபோல் நிலமும் கடனும் தோட்டத் தொழிலாளிக்கும் கொடுத்திருந்தால் அது எவ்வளவு தூரம் போயிருக்கும்!

இன்று தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். பெருந்தொற்றின்போது எல்லையை மூடியதும் பழம் மரத்திலேயே அழுகியது. 2020இல் கட்டாய உழைப்பு என்ற புகாரின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசிய எண்ணெயில் ஒரு பகுதியைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தியது. தொழிலாளியை எப்படி நடத்துகிறோம் என்பதே ஏற்றுமதியைத் தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டது. தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 வெள்ளி, 2025இல் 1,700 வெள்ளி. ஏறியது நல்லதுதான். ஆனால் மலிவான கை கிடைக்கும்வரை இயந்திரத்தில் எந்த முதலாளியும் பணம் போடமாட்டார். இன்றைக்கும் பெரும்பாலும் குலையை நீண்ட கழியில் கட்டிய அரிவாளால்தான் இழுத்து அறுக்கிறார்கள். வண்டைத் தேடி கேமரூன் வரை போன அக்கறை இந்தக் கழியின் பக்கம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். தோட்டத்தை விட்டு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். வண்டைப் பற்றிக் கேட்டேன். “அது வந்ததும் எங்க வேலை போச்சு. ஆனா கை தப்பிச்சுச்சு தம்பி” என்றார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். பிறப்புப் பத்திரம், பெரியப்பாவின் பழைய அடையாள அட்டை, அவற்றுக்கு நடுவே ஓரம் கிழிந்த கூட்டுறவுச் சங்கப் பங்குச் சீட்டு. மாசா மாசம் பத்து வெள்ளி என்று பெரியப்பா கட்டியது. பெரியம்மா அதைத் தடவிச் சுருக்கம் எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“இதைப் பேத்தி பேருக்கு மாத்தணும். எந்த ஆபீசுக்குப் போகணும்னு விசாரிச்சுச் சொல்றியா?”