மைனிங் மெஷின் ரிப்பேர்: ஸ்க்ரூடிரைவருக்கு முன்னாடி கால்குலேட்டரை எடுங்க

மைனிங் வீடியோ போட்டாலே வர்ற கேள்வி இது: "ஒரு போர்டு போயிடுச்சு, நாமளே பாக்கலாமா, டெக்னீஷியன்கிட்ட கொடுக்கலாமா?"

2016-ல வந்த ஆன்ட்மைனர் எஸ்9-ஐயே எடுத்துக்குவோம். உள்ளே 3 ஹேஷ் போர்டு, ஒவ்வொண்ணுலயும் 63 சிப். மெஷினோட வெப் பேஜ்ல கெர்னல் லாக்னு ஒண்ணு இருக்கும். எந்த போர்டுல எத்தனை சிப் தெரியுதுன்னு அதுல வந்துடும். 63 இருந்தா ஓகே. 0 காட்டினா உடனே போர்டு செத்துடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, அந்த போர்டுல இருக்கற டேட்டா கேபிள் முனையையும் நல்ல போர்டுல இருக்கறதையும் மாத்திச் சொருகுங்க. கோளாறு போர்டு கூடவே போனா போர்டுதான் காரணம். பழைய கேபிள்லயே நின்னா, கேபிளோ கன்ட்ரோல் போர்டோ. செலவு பூஜ்யம்.

ஃபேன் மாத்தறது, தூசி ஊதறது, 6-பின் பவர் கனெக்டர் லூசா, கருகியிருக்கான்னு பாக்கறது எல்லாம் நம்ம வேலைதான். பவர் சப்ளையை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், உயிர் போற விஷயம்.

சிப் வேலை வேற லெவல். சிக்னல் ஒரு சிப்புலேர்ந்து அடுத்ததுக்குச் சங்கிலி மாதிரி போகும். லாக்ல 25-னு நின்னா, தேடல் அந்த இடத்தை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். அதுக்கு ஹாட் ஏர் ஸ்டேஷன், டெஸ்ட் ஃபிக்ஸ்சர், முக்கியமா கைப்பழக்கம் வேணும். ஒரு போர்டுக்காக இதையெல்லாம் வாங்கறது என்னைக் கேட்டா வேஸ்ட். டெக்னீஷியன்கிட்டயே கொடுங்க. ஆனா முழு மெஷினையும் கூரியர் பண்ணாதீங்க. போர்டை மட்டும் ஆன்டி-ஸ்டாடிக் கவர்ல போட்டு, சீரியல் நம்பரை போட்டோ எடுத்துட்டு அனுப்புங்க. சரியாகலைன்னா செக்கிங் சார்ஜ் உண்டா, சரியானா எத்தனை நாள் வாரண்டின்னு முன்னாடியே கேட்டுடுங்க.

இப்போ காசுக்கு வருவோம். எஸ்9 சுமார் 1,320 வாட் இழுக்கும், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 32 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வெச்சா தினமும் 250 ரூபாய்க்கு மேல. 2024 ஏப்ரல் ஹால்விங்ல பிளாக் பரிசு 6.25-லேர்ந்து 3.125 பிட்காயினா குறைஞ்சாச்சு. இந்த மெஷினோட 13.5 டெராஹேஷ் அந்த பில்லுல பாதியைக்கூடக் கொண்டுவராது. இதுக்கு எவ்வளவு கம்மியான ரிப்பேரும் நஷ்டம்தான்.

புது மாடல் வெச்சிருக்கீங்களா? செத்த போர்டு கரண்டும் பெரிசா இழுக்காது. அதனால ரிப்பேரால திரும்ப வர்றது அந்த ஒரு போர்டோட வருமானத்துல கரண்ட் செலவு போக மிச்சம் மட்டும்தான். உதாரணத்துக்கு அது தினம் 60 ரூபாய், ரிப்பேர் 9,000 ரூபாய்னா, போட்ட காசு வர 150 நாள் ஆகும். அதுக்குள்ள நெட்வொர்க் டிஃபிகல்ட்டி ஏறினா இன்னும் இழுக்கும்.

நம்ம ஊர்ல இன்னொண்ணு. 115பிபிஹெச் பிரிவுல 30% வரி, கூட செஸ். காயினை வித்தா, வாங்கின விலையைத் தவிர வேற செலவு எதையும் கழிக்க முடியாது. மைனிங் கட்டமைப்புச் செலவை அந்த வாங்கின விலைக் கணக்குல சேர்க்க முடியாதுன்னு 2022-லயே நாடாளுமன்றத்துல நிதி அமைச்சகம் சொல்லிடுச்சு. ரிப்பேர் பில்லைக் காட்டி வரியைக் குறைச்சிடலாம்னு யாராவது சொன்னா, காசைக் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டருக்கு ஒரு போன் போடுங்க.