கிணற்றுப் புள்ளியும் அளவீட்டு அட்டவணையும்

தேசப்படத்தில் கிணறு என்பது ஒரு புள்ளியே. ஆனால் அதன் வரலாறு ஒரு புள்ளியில் அடங்குவதன்று. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நோக்குக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு 4 முறை, அதாவது ஜனவரியிலும், பருவமழைக்கு முந்திய கோடையிலும், ஆகஸ்டிலும், நவம்பரிலும் அளந்து வருகிறது. பத்தாண்டுகளில் ஒரே கிணற்றுக்கு 40 பதிவுகள் சேர்ந்துவிடும். ஆதலின் கிணறுகளுக்கு ஓர் அட்டவணையும் அளவீடுகளுக்கு வேறோர் அட்டவணையும் அமைத்து, கிணற்று எண்ணால் இரண்டையும் இணைப்பது வழக்கம். ஊர்ப் பெயரால் இணைத்தல் ஆகாது; ஒரே பெயருடைய ஊர்கள் நம் நாட்டில் எத்தனையோ!

இணையப் படத்தில் புள்ளியைத் தொட்டதும் திறக்கும் தகவல் பெட்டி, பொதுவாகக் கிணற்று அட்டவணையின் செய்திகளையே தருகிறது. அளவீடுகளும் அதே பெட்டியில் தோன்ற வேண்டுமாயின், சிறியதொரு கட்டளைத் தொடரை எழுதிச் சேர்த்தல் வேண்டும். ஆர்க்ஜிஐஎஸ் படங்களில் இதற்கெனப் பயன்படும் மொழி ஆர்க்கேட் எனப்படும்.

அக்கட்டளைத் தொடர் செய்யும் வேலை, எழுத்தர் ஒருவர் பேரேட்டைப் புரட்டுவதை ஒத்தது. தொட்ட கிணற்றுக்கு உரிய பதிவுகளை மட்டும் அது சர்வரிலிருந்து வரவழைக்கிறது. தேதியைக் கொண்டு, புதியது முதலில் வருமாறு அடுக்குகிறது. பின்னர் ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியும் ஆழமும் கொண்ட ஒரு வரியாக்கி, வரிகளைக் கோத்துப் பெட்டியில் இடுகிறது. அடுக்கும் கட்டளையை விடுவோமாயின் பதிவுகள் கால வரிசையில் வருமென்பதற்கு உறுதியில்லை. தேவையான இரண்டு புலங்களை மட்டும் கேட்பதே நன்று. ஒவ்வொரு முறை தொடும்போதும் சர்வரை நாட வேண்டியிருப்பதால், வேண்டாதவற்றையும் கேட்டால் பெட்டி திறக்கத் தாமதமாகும்.

அண்மைப் பதிவு ஒன்றை மட்டும் காட்டினால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். ஒரு கிணற்றில் நவம்பரில் நீர் 6.4 மீட்டர் ஆழத்திலும், மே மாதத்தில் 11.2 மீட்டர் ஆழத்திலும் நிற்பதாகக் கொள்வோம். நவம்பர் எண்ணை மட்டும் கண்டு 8 மீட்டரில் மோட்டாரை இறக்கிய குடியானவரின் பயிர் கோடையில் காய்ந்து போகும்.

இன்னும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. கிணறு வற்றியதால் அளவெடுக்க இயலாத நாளில் ஆழப் புலம் வெறுமையாக விடப்படுகிறது. கட்டளைத் தொடர் அவ்வெறுமையைச் சுழியமாகக் கொண்டால், நீர் தரைமட்டத்திலேயே ததும்புகிறது என்று பொருளாகிவிடும்! வெற்றுப் புலமா என முதலில் சோதித்து, அங்கே ‘அளவு இல்லை’ என்று எழுதச் செய்தல் அவசியம். பதிவே இல்லாத கிணறு ஒன்றையும் தொட்டுப் பார்த்த பின்னரே படத்தைப் பிறருக்கு அனுப்புக.